சுகிர்தராணி மூடாமல் விட்டுச்சென்ற வரி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் தமிழ் மன்றத் தலைவர் நெய்னா முகம்மது காக்கா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் திட்ட ஒருங்கிணைப்பாளர் சோலையப்பன் சார் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் சுகிர்தராணி அக்காவின் கணவர் பர்னபாஸ் அண்ணன் அவர்களே, துணி துவைக்கவும் ஊருக்கு போன் பேசவும் கிடைக்கும் ஒரே வெள்ளிக்கிழமையை இன்று சுகிர்தராணி அக்காவுக்காகக் கொடுத்துவிட்டு வந்திருக்கும் அக்காமார்களே, அண்ணன்மார்களே, உங்கள் எல்லோருக்கும் ரினியின் வணக்கம்.

நான் இந்த வளைகுடா ஊரின் படைத்தளத்தில், கொள்முதல் பிரிவில் தட்டச்சு செய்பவள். ஒப்பந்தத்தில் ஆள் தரும் மேன்பவர் கம்பெனி அனுப்பிய ஆள். எனக்கு எதிர் மேசையில் இருந்தவர்தான் நாம் இன்று நினைவுகூரும் ரிஸ்க் ஆபீஸர் சுகிர்தராணி பர்னபாஸ்.

எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் அவருடைய பணி தொடர வேண்டும் என்றார்கள். சோலையப்பன் சாரும் சொன்னார்கள். கேட்கும்போது என் மனம் நிறைந்தது. ஆனால் தொடர வேண்டும் என்றால் அது எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? அது எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தின் ரிஸ்க் அட்டவணையில், ஒரே ஒரு வரியில் நிற்கிறது. அந்த வரியை நான்தான் தட்டச்சு செய்தேன். ஆபத்து இன்னும் தீரவில்லை என்று அது சிவப்பு நிறத்தில் இருக்கிறது. நாளை சனிக்கிழமை காலைக் கூட்டத்தில், விஷயம் முடிந்தது என்று அதை மூடிவிடப் போகிறார்கள். மூடக்கூடாது என்று சொல்லத்தான் இந்த மைக்கின் முன்னால் வந்து நிற்கிறேன்.

பயப்பட வேண்டாம். நான் ரகசியம் எதையும் சொல்லப் போவதில்லை. அடையாள அட்டை வாங்கும்போது நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படகின் பெயரைச் சொல்ல மாட்டேன், எண்ணிக்கையைச் சொல்ல மாட்டேன். துறைமுக யார்டில் எல்லா டிரைவர்களும் பார்த்துக்கொண்டிருக்கும் பொருளைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறேன்.

அது என்ன பொருள்? உயிர்காப்பு மிதவை. வெள்ளைப் பீப்பாய் போன்ற ஒரு கூட்டுக்குள் மடித்து வைத்த ரப்பர் படகு. கப்பல் மூழ்கும்போது அதைக் கடலில் தள்ளிக் கயிற்றை இழுத்தால், காற்று நிரம்பிக் கூடாரம் போல விரியும். அதில் ஏறி உயிர் பிழைக்கலாம். புதிய ரோந்துப் படகுகளுக்காக அவை வெளிநாட்டிலிருந்து வந்தன. காகித வேலை முடியத் தாமதமானதால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் இரும்பு கன்டெய்னருக்குள், வெயிலில், யார்டில் கிடந்தன. இந்த ஊர் ஆகஸ்டில் மூடிய கன்டெய்னருக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த ரப்பரின் விளிம்புகள் எல்லாம் பசையால் ஒட்டியவை. பசை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறதா? அதுதான் சுகிர்தராணி அக்கா கேட்ட கேள்வி. ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டுக் கயிற்றை இழுத்துப் பாருங்கள் என்று கேட்டார். பதில் வரும் முன்னால் போய்விட்டார்.

பெரியோர்களே, ரிஸ்க் ஆபீஸர் என்றால் என்ன வேலை? எங்கள் வீட்டிலேயே பலமுறை கேட்டிருக்கிறார்கள். இராணுவம் ஒரு பொருளை வாங்குகிறது. வாங்கித் தருகிறவர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்கிறார்கள். ஒருவர் மட்டும், நடக்காமல் போனால் என்ன செய்வது என்று யோசிக்கச் சம்பளம் வாங்குகிறார். அவர் சீருடை போடுவதில்லை, துப்பாக்கி எடுப்பதில்லை. ஆனால் சீருடை போட்டவர் ஒருநாள் எதை நம்பி உயிரை வைக்கிறாரோ, அதை இவர் முன்கூட்டியே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அதுதான் அந்த வேலை.

நம் ஆட்கள் நடுவில் அந்த வேலையைச் செய்வது எளிதா? நம் வீடுகளில் கெட்டதை வாயால் சொல்லவே விட மாட்டார்கள். இங்கே உள்ளவர்களோ எதைக் கேட்டாலும் இன்ஷா அல்லா என்பார்கள். பொருள் எப்போது வரும்? இன்ஷா அல்லா, அடுத்த மாதம். அக்கா அந்த வார்த்தையை ஒருநாளும் கேலி செய்ததில்லை. அவரும் மனதாரச் சேர்ந்து சொல்வார். சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு இந்தியில் கேட்பார். "நஹீ ஆயா தோ?" வரவில்லை என்றால்? அந்த ஒரு கேள்வியால் தளம் முழுவதும் அவருக்கு 'நஹீ ஆயா தோ மேடம்' என்று பெயர். கேட்டில் நிற்கும் காவலர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

சோலையப்பன் சார் ஒருமுறை பொறுக்க முடியாமல் தமிழிலேயே கேட்டுவிட்டார். சார், தப்பாக நினைக்காதீர்கள், நீங்களே இதை எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள்.

"ஏம்மா, காலங்காத்தால வாயைத் தொறந்தா நல்லதே வராதா உனக்கு?"

அக்கா சொன்ன பதில்: "நான் சொன்னது எதுவும் நடக்கலைன்னா உங்களுக்கு சந்தோசம்தான சார். நடந்துட்டா, முந்தியே சொன்னாளேன்னு ஒரு ஆளு இருக்கும்லா. ரெண்டுலயும் உங்களுக்கு என்ன நட்டம்?"

அவர் சொன்னதெல்லாம் நடந்ததா? இல்லை. அதையும் நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்து மூன்றில், வடக்கே போர் தொடங்கப் போகிறது என்று எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நாட்கள். நான் அப்போது இங்கே வேலைக்கு வரவில்லை. ஸ்டோர் பொறுப்பாளர் ஜெயசீலன் அண்ணன் சொல்லிக் கேட்டது. வயர்லெஸ் பேட்டரிகள் ஒரே கப்பலில் வர இருந்தன. கப்பல் வளைகுடாவுக்குள் நுழைய முடியாமல் போனால் என்ன செய்வது என்று அக்கா கேட்டார். பாதியை வளைகுடாவுக்கு வெளியே இருக்கும் சலாலா துறைமுகத்தில் இறக்கி லாரியில் கொண்டுவரச் செய்தார். கடைசியில் என்ன ஆனது? கப்பல் சொன்ன நாளில் வந்துவிட்டது. லாரியும் வந்துவிட்டது. வீண் வேலை என்று மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. சலாலா சுல்தானா என்று கேலி செய்தார்கள். அக்கா அன்று மாலை கேன்டீனில் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தாராம். எதற்கு என்று கேட்டதற்கு, ரெண்டு வழியும் திறந்துதான் இருக்குன்னு தெரிஞ்சிருச்சுல்லா, அதுக்கு என்றாராம்.

நடக்காத விபத்துக்கு யாராவது பாராட்டுவிழா எடுப்பார்களா? எடுக்க மாட்டார்கள். அவருக்கு அது தெரியும். தெரிந்தேதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இனி போன வருடத்துப் பூட்ஸ் கதை. உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான், ஆனால் மிதவை பற்றிய கேள்வி எங்கிருந்து பிறந்தது என்று புரிய இதைச் சொல்லியாக வேண்டும். நானும் அக்காவும் எங்கள் வீடுகள் இருக்கும் ரோலாவிலிருந்து அவருடைய பழைய காரில்தான் வேலைக்குப் போவோம். தளத்தின் பார்க்கிங்கில் நிழல் இருக்கும் இடத்துக்கு எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். அக்கா மட்டும் நிழலைத் தாண்டி, நடுவெயிலில் கொண்டுபோய் நிறுத்துவார். மாலையில் கதவைத் திறந்தால் அடுப்பைத் திறந்த மாதிரி இருக்கும். ஸ்டீயரிங்கைத் துணி சுற்றித்தான் பிடிப்பார். எனக்கு முதலில் விளங்கவில்லை. என்னத்துக்கு அக்கா இந்தக் கொடுமை என்று கேட்டேன். டிக்கியைத் திறந்து காட்டினார். உள்ளே சிப்பாய்களுக்கு வாங்கவிருந்த புது பூட்ஸ்கள். வெயில் தாங்குமா என்று பார்க்க, ஸ்டோரில் முறைப்படி எழுதிக் கொடுத்து வாங்கி வைத்திருந்த சாம்பிள்கள்.

பர்னபாஸ் அண்ணன் அந்தக் காரில் ஏறும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்வார். "ஏ, செருப்புக் கடை எப்ப திறக்கப் போற?" என்று அவர் கேட்டதும், முதல் ஜோடி உங்களுக்குத்தான் என்று அக்கா சொன்னதும் என் காதில் இன்னும் இருக்கிறது.

கோடை முடிந்தது. சனிக்கிழமைக் கூட்டத்தில் அக்கா ஒரு பூட்ஸைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மேலே பிடித்துத் தூக்கினார். மேல் பாகம் கையோடு வந்தது, அடிப்பாகம் மேசையிலேயே உட்கார்ந்திருந்தது. கூட்டத்தை நடத்தும் எங்கள் கர்னல் மெதுவாகத் தன் காலைத் தூக்கித் தன் பூட்ஸின் அடியைப் பார்த்தார். பிறகு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்போடு அந்த பூட்ஸின் கதை முடிந்தது. பசையை மாற்றித் தயாரித்தால்தான் வாங்குவோம் என்று கடிதம் போனது. எத்தனையோ பையன்கள் மணலில் வெறுங்காலோடு நிற்காமல் தப்பித்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் சுகிர்தராணி என்ற பெயர் தெரியாது.

பூட்ஸின் பசை ஒரு கோடைக்குத் தாங்கவில்லை. மிதவையின் பசை? அங்கேதான் அந்தக் கேள்வி பிறந்தது.

பூட்ஸையும் மிதவையையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. அக்கா அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கத்தை மாற்றினார். அவர் வருவதற்கு முன்னால் எங்கள் ரிஸ்க் அட்டவணையில் எல்லா வரியும் பச்சையாக இருக்குமாம். ஒரு சிவப்புகூட இருக்காது. ஏன்? எல்லாம் நன்றாக நடந்ததாலா? பெரியோர்களே, நாம் எல்லோரும் விசாவில் வந்தவர்கள். சிவப்பு என்று எழுதினால், நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேள்வி வரும். மேலதிகாரி முகம் மாறும். பச்சை என்று எழுதினால் டிக்கெட்டும் லீவும் பத்திரம். அதனால் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற தம்பி முதல் இன்ஜினியர் வரை எல்லோரும் பச்சை. உடைந்திருந்தாலும் பச்சை, வராமல் இருந்தாலும் பச்சை.

அக்கா திட்டவில்லை. டீ குடிக்கும் நேரத்தில் ஒவ்வொருவரோடும் போய் நின்றார். ஸ்டோரில் நின்றார், யார்டில் நின்றார், தனக்குப் பேசத் தெரிந்த எல்லா மொழியிலும் கேட்டார். கேட்டதை எழுதினார். சொன்னவர் பெயரை எழுதவில்லை. சனிக்கிழமை அதைப் படிக்க என்னைக் கூப்பிட்டார். நான் எதற்கு, நீங்களே படியுங்கள் அக்கா என்றேன்.

"ஏட்டி, நான் படிச்சா நான் குத்தம் சொல்லுதேன்னு நினைப்பாங்க. சார் படிச்சா தண்டனைன்னு நினைப்பாங்க. உனக்கு யார் மேலயும் கோவம் இல்லன்னு எல்லாருக்கும் தெரியும். நீ படி."

முதல் வாரம் என் குரல் மேசையின் அடுத்த முனைக்கே போகவில்லை. கர்னல் காதைச் சாய்த்துக் கேட்டார். அக்கா ஒரு கிளாஸ் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார், அவ்வளவுதான். நான் மறுபடி முதலிலிருந்து படித்தேன். அந்த வாரம் சோலையப்பன் சார் கேட்டார், இதை யார் சொன்னது என்று. யார் சொன்னதுன்னு ஒரு வாரம் கேட்டா, அடுத்த வாரம் யாரும் சொல்ல மாட்டாங்க சார் என்றார் அக்கா. சார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு ஒருநாளும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதற்காக இந்த மேடையில் நான் சாருக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். அவர் கேட்காமல் விட்டதால்தான் வாரா வாரம் உண்மை அந்த அறைக்குள் வந்தது.

அப்படிப்பட்ட பெண்மணிதான் மூன்று வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, மாதா கோவில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்து, அப்படியே போய்விட்டார். பர்னபாஸ் அண்ணன் அவரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு இந்த வாரம்தான் திரும்பினார்.

திரும்பிய அன்று அக்காவின் பொருட்களை வாங்க அண்ணன் தளத்தின் வாசல் கேட்டுக்கு வந்தார். நான் ஒரு பையில் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு ஜெபமாலை, ஒரு ஸ்வெட்டர், ஏசி குளிர் தாங்காமல் அவர் போடுவது. அண்ணன் பையை வாங்கினார். திறந்துகூடப் பார்க்கவில்லை.

"அந்த மிதவை விஷயம் என்னாச்சும்மா?" என்று கேட்டார். "சாப்பிட உக்காந்தா இதேதான் பேச்சு. தண்ணில போட்டாங்களா?"

இல்லை அண்ணே, தயாரித்த கம்பெனி கொடுத்த சர்டிபிகேட் இருக்கிறது, அது போதும் என்கிறார்கள் என்றேன்.

பர்னபாஸ் அண்ணன் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் வெல்டர். கடற்கரையில் பிறந்தவர். என்னை ஒரு பார்வை பார்த்தார். "கடல்ல விழுந்தவன் சர்டிபிகேட்டைப் பிடிச்சா மிதப்பான்?"

அந்தக் கேள்வியோடு மறுநாள் சோலையப்பன் சாரிடம் போய் நின்றேன். சார் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். ஒரு மிதவையைத் திறந்தால் இங்கே மறுபடி மடித்து அடைக்க ஆள் இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். ஒரு படகின் ஒப்படைப்பு தள்ளிப்போகும். அதோடு இன்னொன்றும் சொன்னார். எங்கள் அட்டவணையில் ஒவ்வொரு ரிஸ்க்குக்கும் பக்கத்தில் பொறுப்பாளர் என்று ஒரு பெயர் இருக்க வேண்டும். மிதவைக்குப் பக்கத்தில் இருந்தது அக்காவின் பெயர். இப்போது அந்தக் கட்டம் காலி.

"ஆளில்லாத ரிஸ்க்கை எப்படிம்மா வச்சிருக்கிறது? ரூல்படி மூடித்தான் ஆகணும்."

சார் சொன்னது சரி. ரூல் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன். ஒருவர் இறந்துபோனால் மிதவையின் பசை உறுதியாகிவிடுமா? அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அந்த நிமிடத்தில் கன்டெய்னருக்குள் சூடு குறைந்துவிட்டதா? அக்டோபரில் அந்தப் படகில் ஏறப்போகும் பையன்களுக்கு, உங்கள் மிதவையைச் சோதிக்கவில்லை, ஏனென்றால் கேட்ட அம்மா இறந்துவிட்டார்கள் என்று யார் போய்ச் சொல்வது?

பொறுப்பாளர் என்றால் யார் என்றும் யோசித்தேன். அக்கா இருந்தபோதே ஒருநாள் அவரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். மிதவையைத் திறக்க உங்களுக்கு அதிகாரம் உண்டா அக்கா? இல்லை. பணம் ஒதுக்க? இல்லை. பிறகு எப்படி நீங்கள் பொறுப்பாளர்? அவர் காரை ஓட்டிக்கொண்டே சொன்னார், சரி பண்ணுதவங்க வேற ஆளு, பதில் வர்ற வரைக்கும் கேக்குறதை நிறுத்தாதவங்கதான் பொறுப்பாளர் என்று. ரூலிலும் தேடிப் பார்த்தேன். தளத்தின் அடையாள அட்டை வைத்திருக்கும், கூட்டத்தில் உட்காரும் எந்த ஊழியரும் பொறுப்பாளராக இருக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறது. இத்தனை வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று அதில் இல்லை. சீருடை வேண்டும் என்று இல்லை. கம்பெனி ஆளா மேன்பவர் ஆளா என்றும் இல்லை.

ஆகவே சபையோரே, புதன்கிழமை மாலை, வீட்டுக்குக் கிளம்பும் முன்னால், காலியாக இருந்த அந்தக் கட்டத்தில் என் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டேன்.

சோலையப்பன் சார், இதை நாளை அறைக்குள் வைத்து உங்களுக்குத் திடீரென்று காட்ட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இன்றே, எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். இதனால் என் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாமல் போகலாம் என்று அப்பா பயப்படுகிறார். போகலாம்தான். அப்படிப் போனால் கட்டம் மறுபடி காலியாகுமா? அதற்கும் வழி செய்துவிட்டேன். இந்த மண்டபத்தின் வாசலில் ஜெயசீலன் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "உனக்கு அப்புறம் என் பேரைப் போடு தங்கச்சி" என்றார். தளத்தில் வேலை பார்க்கும் இன்னும் சிலர் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் பெயர்களையும் கேட்டு வருவேன். ஒருவர் போனால் அடுத்தவர். பச்சை மட்டுமே எழுதிப் பழகிய கைகள் நம்முடையவை. அந்தக் கைகளால் ஒரு சிவப்பு வரியைத் தாங்கிப் பிடிக்க நம்மால் முடியும். முடியும் என்று அக்கா நம்பினார், நானும் நம்புகிறேன்.

சுகிர்தராணி அக்காவின் பெயரால் நாம் இங்கே எடுக்கும் உறுதி இதுதான். நாளைக் காலை அந்த வரியை நான் படிப்பேன். மேசையின் அடுத்த முனை வரை கேட்கும்படி படிப்பேன். அதை மூட வேண்டாம் என்று நான் அடம்பிடிக்கப் போவதில்லை சார். மூடலாம். ஒரு மிதவையைத் தளத்தின் படகுத்துறையில் இறக்குங்கள், கயிற்றை இழுங்கள். அது விரிந்து, எல்லோர் கண் முன்னாலும் மிதந்தால், அங்கேயே நின்று அந்த வரியை நானே பச்சையாக மாற்றுகிறேன். விரியவில்லை என்றால், அது நடுக்கடலில் அல்ல, நம் படகுத்துறையில் நின்றபடியே தெரிந்ததே என்று நாம் எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொல்வோம்.

இப்போது நான் இறங்கும்போது யாரும் கைதட்ட வேண்டாம். அந்தக் கயிற்றை இழுக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.